எட்டடியில் பாதிக்குப் பாதி

கோல்ஃபில் எட்டடித் தூரத்திலிருந்து தட்டிய பந்து குழியில் விழாமல் ஓரமாக உருண்டு போனால், கையில் இருந்ததைத் தவறவிட்டுவிட்டோம் என்று நம்மில் பலர் நொந்துகொள்கிறோம். அந்த எண்ணத்தைக் கொடுத்தது தொலைக்காட்சி. போட்டியின் கடைசி நாள், முன்னணியில் நான்கைந்து பேர், அன்றைக்குக் கை கூடிவந்தவர்கள். குழியை நோக்கி அவர்கள் தட்டும் நல்ல புட்டுகளே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. அளந்து பார்த்த கணக்கு வேறு சொல்கிறது. அமெரிக்காவின் பிஜிஏ டூர் போட்டிகளில் ஒவ்வொரு பந்தும் எங்கிருந்து எங்கே போனது என்பது ஷாட்லிங்க் என்ற ஏற்பாட்டின் மூலம் பதிவாகிறது. கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி அந்தப் பதிவுகளைக் குடைந்து ஆராய்ந்து, 2014இல் 'எவ்ரி ஷாட் கவுன்ட்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். அதன்படி, அங்கே ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 3 அடியிலிருந்து நூற்றுக்கு 96 பந்துகளைக் குழியில் விடுகிறார்கள். 5 அடியில் 77. 8 அடியில் 50. 10 அடியில் 40. 20 அடிக்குப் போனால் 15தான்.

புட்டிங்கைச் சரிசெய்யச் சொல்லித்தரும் எந்த வழியையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். இதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கே எட்டடியில் பாதிக்குப் பாதி. அப்படியிருக்க, புதுக் கிரிப் ஒன்றோ புது மட்டை ஒன்றோ நம் ஆட்டத்தையே மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால், எத்தனை அடியில், நூற்றுக்கு எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று கேட்பது நியாயம். பெரும்பாலான பயிற்சி நூல்களில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. படங்கள் இருக்கும், கைவிரல்களின் அடுக்கு இருக்கும், தோள் எப்படி ஊசலாட வேண்டும் என்ற விளக்கம் இருக்கும். எது எவ்வளவு பயன் தரும் என்ற எடை மட்டும் இருக்காது. கிரிப், மட்டையை ஆட்டும் ஸ்ட்ரோக், வேகம், பயிற்சி ஆகிய நான்கையும் அந்த எடையில் நிறுத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் புட்டிங்கின் பங்கையே பார்த்துவிடலாம். நாஸாவில் இயற்பியலாளராக இருந்துவிட்டுக் கோல்ஃப் பயிற்சிக்கு வந்த டேவ் பெல்ஸ், ஒரு சுற்றில் ஆடும் மொத்த ஷாட்டுகளில் 43 சதவீதம் புட்டுகள் என்றார். 'டேவ் பெல்ஸ் புட்டிங் பைபிள்' 2000இல் வந்தது. பிராடியோ, முன்னணி வீரர்கள் மற்றவர்களைவிட மேலே நிற்பதற்கான காரணத்தில் புட்டிங்கின் பங்கு ஏறத்தாழ 15 சதவீதம்தான் என்கிறார். இரண்டும் உண்மைதான். வீட்டுச் செலவில் அரிசிக்குப் பெரும்பங்கு போகிறது என்பதாலேயே, பக்கத்து வீட்டுக்காரரின் வசதிக்கும் நம் வசதிக்கும் உள்ள வித்தியாசம் அரிசியால் வந்தது என்று ஆகிவிடாது. எல்லோரும் புட் செய்கிறார்கள். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் அங்கே குறைவு. பெல்ஸின் எண்ணிக்கையைக் காட்டிப் புட்டிங்தான் எல்லாம் என்று வாதிடுவது தவறு.

அதற்காக இதைக் கைகழுவ வேண்டியதில்லை. டிரைவர் மட்டையால் 30 கஜம் கூடுதலாக அடிப்பதற்கு உடம்பு வேண்டும், வயது வேண்டும். மூன்றடிப் பந்தைக் குழியில் விடுவதற்கு இரண்டும் வேண்டாம். அறுபது வயதில் ஆட வருபவரும் இருபத்தைந்து வயதுக்காரரும் சமமாக நிற்கக்கூடிய ஒரே இடம், குழியைச் சுற்றிய புல்தளமான கிரீன். உழைத்தால் எட்டிவிடக்கூடிய எல்லைக்குள் இருக்கிறது என்பதே இதைக் கவனமாக ஆராய எனக்குப் போதுமான காரணம்.

கிரிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். அதிகம் மாற்றுவதும் அதைத்தான். வலக்கைக்காரருக்கு வழக்கமான பிடியில் இடக்கை மேலே, வலக்கை கீழே, இரண்டு கட்டைவிரலும் தண்டின் மேல் நேராகப் படிந்திருக்கும். இடக்கைச் சுட்டுவிரல் வலக்கை விரல்களின் மேல் படுத்திருக்கும். டைகர் உட்ஸ் பிடிப்பது இதுதான். கைகளை மாற்றி இடக்கையைக் கீழே வைப்பது இன்னொரு வழி. ஜிம் ஃப்யூரிக், 2015இல் மாஸ்டர்ஸையும் யூஎஸ் ஓபனையும் வென்ற ஜோர்டன் ஸ்பீத் ஆகியோர் இந்தக் கட்சி. கீழ்க்கையை மட்டையில் சுற்றாமல், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே தண்டைப் பேனா பிடிப்பதுபோலத் தாங்குவது 'கிளா' எனப்படும் நகப்பிடி. நீளமான தண்டை இட முன்கையோடு ஒட்டவைத்து ஆடுவது 'ஆர்ம் லாக்'. பிரைசன் டிஷாம்போவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவற்றில் எது சிறந்தது? வரலாற்றைப் புரட்டினால் ஒரு பதிலும் கிடைக்காது, அல்லது எல்லாப் பதிலும் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் பாபி லாக் 1949க்கும் 1957க்கும் இடையே நான்கு முறை பிரிட்டிஷ் ஓபனை வென்றவர்; மட்டையை உள்பக்கமாக இழுத்துப் பந்தைச் சுழற்றிவிடுவதுபோல அவருடைய ஸ்ட்ரோக் இருக்கும். ஜப்பானின் இசாவோ அவோகி, மட்டையின் முனை வானத்தைப் பார்க்கும்படி தூக்கி வைத்துக்கொண்டு மணிக்கட்டால் தட்டினார். பில்லி கேஸ்பரும் மணிக்கட்டுக்காரர்தான். இரண்டு யூஎஸ் ஓபன், ஒரு மாஸ்டர்ஸ். பென் கிரென்ஷாவின் ஸ்ட்ரோக் நீளமானது, சோம்பலாக ஆடும் ஊஞ்சல்போல இருக்கும். இவர்களில் யாருடைய முறையும் இன்றைய பாடநூலில் இருக்கும் முறையோடு முழுக்க ஒத்துப்போகாது. நான்கு பேரும் புட்டிங்குக்குப் பேர்போனவர்கள்.

கிரிப் மாற்றியபின் நன்றாக ஆடினேன் என்று சொல்பவர்களின் சாட்சியத்தை நான் ஏன் முழுதாக ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாரும் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது கிரிப்பை மாற்றுவதில்லை. ஆட்டம் அடிமட்டத்துக்குப் போன வாரத்தில்தான் மாற்றுகிறார்கள். அடிமட்டத்திலிருந்து ஆட்டம் தானாகவே கொஞ்சம் மேலே வரும். தானே இறங்கவிருந்த காய்ச்சலுக்கு அன்று காலை குடித்த கஷாயம் பேர் வாங்கிக்கொள்வதைப் போல, அந்த ஏற்றத்துக்குப் புதுக் கிரிப் பேர் வாங்கிக்கொள்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஆட்டம் இறங்கும்போது அடுத்த கிரிப். கோல்ஃப் கடைகளில் தடித்த கிரிப், மெலிந்த கிரிப் என்று இத்தனை வகை விற்பதில் இந்தச் சுழற்சிக்குப் பங்கு உண்டு.

ஆனாலும் கிரிப் மாற்றம் உண்மையிலேயே ஒருவரைக் காப்பாற்றிய நிகழ்வுகள் இருக்கின்றன. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு இளவயதிலேயே 'யிப்ஸ்' வந்தது. பந்தைத் தொடும் கணத்தில், தன் விருப்பத்துக்கு மாறாகக் கை வெட்டி இழுக்கும் நிலை அது. மூன்றடிப் பந்து பத்தடி தாண்டிப் போகும். அவர் 1985இல் மாஸ்டர்ஸை வென்றபோது, தூரத்துப் புட்டுகளுக்கு ஒரு கிரிப்பும் கிட்டத்துப் புட்டுகளுக்கு இடக்கையைக் கீழே வைத்த கிரிப்பும் வைத்திருந்தார். யிப்ஸ் திரும்ப வந்தது. 1993இல் இரண்டாம் முறை மாஸ்டர்ஸை வென்றபோது கையாண்டது இன்னும் விநோதமானது. இடக்கையைத் தண்டில் நன்றாகக் கீழே இறக்கிப் பிடித்து, தண்டின் மேல்பகுதியை இட முன்கையின் உட்புறத்தில் சாய்த்து, முன்கையையும் தண்டையும் சேர்த்து வலக்கையால் கவ்விக்கொண்டார். உடைந்த எலும்புக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதுபோல இருக்கும். மணிக்கட்டு அசைய வழியே இல்லை. பிறகு நீண்ட மட்டைக்குப் போனார். மட்டையை உடம்பில் ஊன்றி ஆடுவதற்கு 2016 ஜனவரி 1 முதல் தடை வந்தபோது, அதே நீண்ட மட்டையை உடம்பில் ஊன்றாமல் பிடித்து மூத்தோர் போட்டிகளில் தொடர்ந்து வென்றார். லூகஸ் குளோவர் கதையும் இதே வகை. 2009இல் யூஎஸ் ஓபனை வென்றவர், பிறகு ஆண்டுக்கணக்கில் யிப்ஸோடு போராடினார். 2023இல் நீண்ட மட்டைக்கு மாறி, அந்த ஆகஸ்டில் அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் இரண்டு போட்டிகளை வென்றார்.

இவர்களுக்குக் கிரிப் மருந்தாக வேலை செய்திருக்கிறது. யிப்ஸ் ஒரே கோளாறு அல்ல, ஒரு நீண்ட கோடு போன்றது. அதன் ஒரு முனையில் நரம்பு சார்ந்த தசைக்கோளாறு, மறுமுனையில் பதற்றம் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். பழகிப்போன நரம்புப் பாதையில் கோளாறு என்றால், கைகளுக்கு முற்றிலும் புதிய வேலையைக் கொடுப்பது அந்தப் பாதையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி. அதனால்தான் கிரிப் எவ்வளவு விநோதமாக இருக்கிறதோ அவ்வளவு வேலை செய்கிறது. நோய் இல்லாதவர் அதே மருந்தைக் குடித்தால் என்ன கிடைக்கும்? உடம்பில் ஊன்றும் மட்டையின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது. 2011 பிஜிஏ சாம்பியன்ஷிப் முதல் 2013 மாஸ்டர்ஸ் வரை நான்கு பெரிய போட்டிகளைக் கீகன் பிராட்லி, வெப் சிம்ப்ஸன், எர்னி எல்ஸ், ஆடம் ஸ்காட் ஆகியோர் அப்படி ஊன்றிய மட்டையோடு வென்றார்கள். இது இல்லாவிட்டால் இவர்கள் இல்லை என்று பலர் பேசினார்கள். தடை வந்த சில வாரங்களிலேயே, 2016 பிப்ரவரி, மார்ச்சில் ஸ்காட் குட்டை மட்டையால் அடுத்தடுத்து இரண்டு போட்டிகளை வென்றார். சிம்ப்ஸன் தடுமாறினார், வேறு முறை தேடி 2018இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்றார். ஒரே மாற்றம் ஒருவரைப் பாதிக்கவில்லை, இன்னொருவரைச் சில ஆண்டுகள் முடக்கியது. ஒரு பொது விதியை இதிலிருந்து இழுக்க முடியாது.

கிரிப்பில் எல்லோருக்கும் பொருந்தக்கூடியது என்று நான் ஏற்பது ஒன்றே ஒன்று: அழுத்தம். எந்தப் பிடியாக இருந்தாலும், மட்டையை எடுத்தபோது இருந்த அழுத்தம் பந்தைத் தொடும்போதும் அப்படியே இருக்க வேண்டும். நடுவில் விரல்கள் இறுகினால் மட்டையின் முகம் திரும்பிவிடும். விரல்களின் அடுக்கைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுபவர்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள்.

ஸ்ட்ரோக்கைப் பற்றிய பெரிய சண்டை, மட்டை நேர்கோட்டில் போய்வர வேண்டுமா, வளைவாகப் போய்வர வேண்டுமா என்பது. பெல்ஸ் நேர்கோட்டுக் கட்சி. ஸ்டான் அட்லி வளைவுக் கட்சி. கோல்ஃப் விதிகளே இதில் ஒரு குறிப்பைத் தருகின்றன: புட் செய்யும் மட்டையான புட்டரின் தண்டு செங்குத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். சாய்ந்த தண்டைத் தோள்களால் இயல்பாக ஆட்டினால் மட்டை சிறு வளைவில்தான் போகும். அதை நேராக்க வேண்டுமானால் கைகள் கூடுதலாக ஏதாவது செய்தாக வேண்டும். ஆகவே வளைவுக் கட்சியின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனால் சண்டைக்குக் கொடுத்த மரியாதை விஷயத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதில் மட்டை வரும் தடத்தின் பங்கு ஏறத்தாழ 17 சதவீதம், முகம் பார்க்கும் திசையின் பங்கு 83 சதவீதம் என்று பெல்ஸே அளந்து சொன்னார். தடம் வளைந்தாலும் நேரானாலும், தொடும் கணத்தில் முகம் சரியாக இருந்தால் பந்து சரியாகக் கிளம்பும். லாக்கும் அவோகியும் நமக்குக் காட்டியது இதைத்தான்.

முகம் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்? குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது 10.8 செ.மீ. சமதளத்தில் 5 அடியிலிருந்து குழியின் விளிம்புக்குள் பந்தின் மையம் போக வேண்டுமானால் 2 டிகிரி வரை பிசகலாம். 10 அடியில் 1 டிகிரி. 20 அடியில் அரை டிகிரி. இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பந்துக்கு முன்னால் ஓர் அடி தள்ளி இரண்டு தீப்பெட்டிகளை 5 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். பந்தின் விட்டம் 4.27 செ.மீ.; இருபக்கமும் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் இடம் இருக்கும். தீப்பெட்டியைத் தொடாமல் பந்து நடுவே போய்விட்டால், திசைப் பிழை 0.7 டிகிரிக்குள் இருக்கிறது என்று பொருள். நேரான 10 அடிப் புட்டுக்கு அது தாராளம். இதை முதன்முதலில் வீட்டுக் கம்பளத்தில் செய்து பார்த்த அன்று, என் திசையைப் பற்றி நான் நம்பிக்கொண்டிருந்தது எவ்வளவு தூரம் பொய் என்று தெரிந்தது. இருபதில் பதினொரு முறை தீப்பெட்டி விழுந்தது. கிரிப்பை மாற்றவில்லை, மட்டையை மாற்றவில்லை. தீப்பெட்டி விழும் சத்தமே பாடம் எடுத்தது. சில வாரங்களில் இருபதில் நாலைந்தாகக் குறைந்தது. டைகர் உட்ஸ் மட்டையின் தலை நுழையும் அகலத்தில் இரண்டு டீ முளைகளைக் குத்தி, ஒற்றைக் கையால் தட்டிப் பழகுவதும் இதே தத்துவத்தில்தான்.

இதுவரை பேசியதெல்லாம் திசை. புட்டிங் போதனையின் ஆகப் பெரிய குறை, திசையோடு நின்றுவிடுவதுதான் என்பது என் கருத்து. வேகத்தைப் பற்றி 'உணர்வு வர வேண்டும்' என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கிரீனின் ஓட்டத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற கருவி இருக்கிறது. 1935இல் ஓக்மான்ட்டில் நடந்த யூஎஸ் ஓபனைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்ஸன், கிரீன் இவ்வளவு வழுக்கலாக இருக்கலாமா என்று யோசித்து உருவாக்கியது. சாய்த்த சட்டத்தின் காடியிலிருந்து வினாடிக்குச் சுமார் 1.83 மீட்டர் வேகத்தில் பந்தை உருளவிட்டு, எத்தனை அடி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். 10 அடி ஓடினால் அந்த கிரீனின் எண் 10. அப்படியொரு சமதளக் கிரீனில், பந்து குழிக்குள் விழ வேண்டிய நேரத்தையும் கடக்கும் நேரத்தையும் வைத்து எளிய கணக்கு ஒன்று போடலாம். விளிம்பில் மோதித் துள்ளி விழுவதை விட்டுவிடுவோம். குழி வாசலில் வந்து ஓயும் பந்துக்கு, வாசல் முழு 10.8 செ.மீ. அகலம். குழி இல்லாவிட்டால் ஒன்றரை அடி தாண்டி நிற்கும் வேகத்தில் வந்தால், வாசல் ஏறத்தாழ 8.4 செ.மீ. நான்கடி தாண்டி நிற்கும் வேகம் என்றால் வெறும் 4.6 செ.மீ. அதே குழி, அதே கோடு. வேகம் மட்டும் கூடியதில் வாசல் பாதிக்குக் கீழே சுருங்கிவிடுகிறது. விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே போன பந்துக்கு நாம் திசையைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் குற்றவாளி வேகம்.

தூரம் கூடக் கூட இது இன்னும் கடுமையாகிறது. பந்து ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தட்டும் வேகத்தில் 10 சதவீதம் கூடினால் தூரம் 21 சதவீதம் கூடும். 30 அடிப் புட்டில் அது 6 அடிக்கு மேல். அதே 30 அடியில் திசை 2 டிகிரி பிசகினால் பந்து குழியிலிருந்து ஓர் அடிதான் விலகும். 2 டிகிரி என்பது பெரிய பிழை. 10 சதவீதம் என்பது கைக்குத் தெரியாத பிழை. பெரிய திசைப் பிழை ஓர் அடியை விட்டுவைக்கிறது, சின்ன வேகப் பிழை ஆறடியை விட்டுவைக்கிறது. ஆறடியில் தொழில்முறை வீரரே மூன்றில் ஒன்றைத் தவறவிடுகிறார். மூன்று புட் போடும் குழிகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. ஐந்தடியில் நிலைமை தலைகீழ்: வேகம் அதே அளவு பிசகினால் ஓர் அடி தாண்டும் வேகம்தான், பந்து விழுந்துவிடும், திசை 2 டிகிரிக்கு மேல் பிசகினால் விழாது.

அப்படியானால் எந்த வேகம் சரி? பெல்ஸ் குழியைத் தாண்டி 17 அங்குலம் என்றார். அவர் சொன்ன காரணம் அழகானது. ஆட்டக்காரர்கள் குழியைச் சுற்றி நடக்கிறார்கள், ஆனால் குழியை ஒட்டி அரை அடிக்குள் யாரும் மிதிப்பதில்லை. நாள் முழுக்க மிதிபட்ட வட்டம் தாழ்ந்து கரடாகிறது, மிதிபடாத வளையம் மேடாக நிற்கிறது. ஓயப்போகும் பந்து அந்த மேட்டில் ஏற முடியாமல் திரும்பிவிடும். கவனமாகப் பார்த்து எழுதியது இது. ஆனால் எண்ணை விதியாக்கியதை ஏற்க முடியவில்லை. ஸ்டிம்ப் 7 உள்ள மந்தமான கிரீனில் 17 அங்குலம் தாண்டும் பந்து, குழியைக் கடக்கும் இடத்தில் வினாடிக்கு 0.82 மீட்டர் வேகத்தில் இருக்கும்; ஸ்டிம்ப் 12இல் 0.63தான். மேட்டில் ஏறுவதற்கு வேண்டியது வேகம் என்றால், 17 அங்குலம் என்பது இரண்டு கிரீனிலும் ஒன்றாக இருக்க முடியாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தள்ளுபடியும் தேவை. இந்த நூல்களின் பின்னால் இருப்பது பெரும்பாலும் குளிர்நாட்டு பென்ட் புல். வெப்ப நாடுகளின் கிரீன்களில் பெரும்பாலும் வளர்வது பெர்முடா வகை. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனம். அருகு படர்ந்து போகும் புல். இலை ஒரு வாக்கில் படிந்து கிடக்கும். அந்த வாக்கோடு பார்த்தால் தரை பளபளக்கும், பந்து வழுக்கிக்கொண்டு போகும். எதிர்வாக்கில் பார்த்தால் கருத்திருக்கும், பந்து சிக்கிச் சிக்கி நிற்கும். சென்னையில் ஒரு மாலை, பத்தடிப் புட் ஒன்றுக்கு நான் கோடு பார்த்துக்கொண்டிருந்தபோது மட்டைப் பையைச் சுமந்து வந்த கேடி சொன்னார்: “சரிவு இடது பக்கம்தான் சார். ஆனா புல்லு வலப் பக்கம் படுத்திருக்கு. நேராவே விடுங்க, கொஞ்சம் கூடத் தட்டுங்க.” குழியின் விளிம்பில் ஒரு பக்கம் புல்நுனி பிய்ந்து காய்ந்திருந்ததைக் காட்டினார், புல் எந்தப் பக்கம் வளர்கிறது என்பதற்கு அது அடையாளம். கோலிக்குண்டை உருட்டிய நாளில் மண்ணைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தானே குழிக்கு விட்டோம். தரையை முதலில் படிப்பது நமக்குப் புதிதல்ல. கோல்ஃபுக்கு வந்ததும் அதை மறந்துவிட்டு மட்டையைப் படிக்க ஆரம்பிக்கிறோம்.

இனிப் பயிற்சி. ஒரே இடத்திலிருந்து ஐம்பது பந்துகளைத் தட்டுவது பெரும்பாலோர் செய்வது. முதல் பந்து சொல்லிக்கொடுத்ததை அடுத்த நாற்பத்தொன்பதும் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆட்டத்தில் எப்போதும் முதல் பந்துதான். ஆகவே ஐம்பதாவது பந்தில் வரும் திருப்திக்கு மதிப்புக் குறைவு.

ஆட்டத்தில் மன அழுத்தமும் உண்டு. அது வந்தால் என்ன ஆகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. சியன் பைலாக்கும் தாமஸ் காரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் புட்டிங்கையே சோதனைப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் இப்போது போட்ட புட்டை எப்படிப் போட்டாய் என்று கேட்டால், புதியவர்களைவிடக் குறைவாகவே சொல்ல முடிந்தது. கை செய்வதை மனம் கவனிப்பதை விட்டிருந்தது. படம்பிடிக்கப்படும் கூச்சத்தோடு பழகியவர்கள், பிறகு அழுத்தத்தில் தடுமாறவில்லை. பின்தொடர்ந்த ஆய்வில், கையின் அசைவைக் கவனித்துக்கொண்டே தட்டுவது புதியவருக்கு உதவியது, தேர்ந்தவரைக் கெடுத்தது. பழகியவரிடம் போட்டிக்கு முந்திய நாள் 'மணிக்கட்டைப் பார், தோளைப் பார்' என்று சொல்லும் பயிற்சியாளர் தீங்கு செய்கிறார் என்றே இதைப் படிக்கிறேன்.

கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் முன்வைத்த 'அமைதியான கண்' என்ற கருத்தும் கவனிக்கத்தக்கது. நல்ல ஆட்டக்காரர்கள் தட்டுவதற்கு முன்பிருந்து தட்டி முடியும்வரை இரண்டு மூன்று வினாடி பந்தின் ஒரே புள்ளியில் பார்வையை நிறுத்துகிறார்கள். இதைப் பழக்கிப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்றவர்களின் புட்டுகள் ஒரு சுற்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு குறைந்தன. மொத்தம் 22 பேர்தான், அவர்களும் இரண்டு குழு. அந்த அளவு நம்பிக்கைதான் வைக்க முடியும். ஆனால் செலவில்லாதது, தீங்கில்லாதது, காரணமும் புரிகிறது. கிட்டத்துப் புட்டுகளில் பந்தையே பார்க்காமல் குழியைப் பார்த்துத் தட்டிய ஸ்பீத் இதற்கு நேர்மாறாகச் செய்து வென்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கண் ஓரிடத்தில் நிற்பதே முக்கியம், எந்த இடம் என்பது அடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு டெவின் போப், மாரிஸ் ஷ்வைட்சர் இருவரும் 2011இல் வெளியிட்டது. 25 லட்சத்துக்கும் அதிகமான புட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே தூரத்திலிருந்து, பாருக்காக (அந்தக் குழிக்கு வகுத்த எண்ணிக்கை) போடும் புட்டைவிட பேர்டிக்காக (அதைவிட ஒன்று குறைவு) போடும் புட் சுமார் 2 சதவீதப் புள்ளி குறைவாகவே விழுகிறது. இழப்பைத் தவிர்க்கும்போது இருக்கும் முனைப்பு, லாபம் தேடும்போது இல்லை. பேர்டிப் புட்டுகள் குழியை எட்டாமல் நின்றுவிடுவதும் அதிகம். கை அதே கை, கிரிப் அதே கிரிப். மாறியது வேகம், அதை மாற்றியது மனம்.

ஆகவே பயிற்சியில் ஏதாவது பணயம் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறேன். ஃபில் மிக்கல்ஸன் குழியைச் சுற்றி மூன்றடியில் பந்துகளை வைத்து, தொடர்ந்து நூறு விழும்வரை விடமாட்டார். தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. மூத்த வீரர் ஜாக்கி பர்க்கிடம் கற்றது. அந்தப் பயிற்சியின் மதிப்பு நூறு என்ற எண்ணில் இல்லை. தொண்ணூற்றாறாவது பந்தின் மேல் நிற்கும்போது வாய் உலர்கிறதே, அதில் இருக்கிறது. நமக்கு இருபது போதும்.

தீர்ப்பாகச் சொல்வதென்றால், கை வெட்டி இழுக்காதவர் கிரிப்பை மாற்றுவதில் செலவிடும் காலம் ஏறக்குறைய முழுக்க வீண். வெட்டி இழுப்பவருக்கு அதைவிட நல்ல வழி வேறில்லை, எவ்வளவு விநோதமான கிரிப்பாக இருந்தாலும் கூசாமல் மாறலாம். ஸ்ட்ரோக்கின் வடிவத்தைப் பற்றிய சண்டையை விட்டுவிடலாம், முகத்தைச் சோதித்தால் போதும். 10 முதல் 20 அடிப் புட்டுகளைக் குழியில் விடுவதற்கென்றே பழகுவதில் பலன் மிகக் குறைவு. உலகின் சிறந்தவர்களே அங்கே தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், அரை மணிக்கு மேல் 25 முதல் 40 அடிக்கு ஒற்றைப் பந்தோடு, ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து, குழியைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குள் நிறுத்துவதற்குச் செலவிடுவேன். மீதி நேரம் மூன்றடி முதல் ஆறடிக்கு, தவறினால் ஒன்றிலிருந்து. தீப்பெட்டி வீட்டில், இரவில், பத்து நிமிடம்.

அந்த ஒற்றைப் பந்துப் பயிற்சியைச் செய்ய வரும் நாளில் பயிற்சி கிரீனில் ஆள் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள். பை நிறையப் பந்துகளைக் கொட்டி ஒரே குழிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் நடுவே, ஒரு பந்தைத் தட்டிவிட்டு அதன் பின்னால் முப்பது அடி நடந்துபோவது முதல் பத்து நிமிடம் கூச்சமாகத்தான் இருக்கும். நடந்துபோகும்போது காலடியில் சரிவு தெரியும்.